மஸ்க்கைப் பிடிக்காததால் டெஸ்லாவை விட்டவர்கள் எத்தனை பேர்?

ஜெர்மனியில் டெஸ்லா விற்பனை பாதியாகிவிட்டது, அதன் தலைவர் எலான் மஸ்க்தான் காரணம் என்கிறார்கள். அதே 2025-இல், கொஞ்சம் வடக்கே நார்வேயில் அதே டெஸ்லா சாதனை விற்பனை கண்டிருக்கிறது. ஆள் ஒருவர்தான், காரும் ஒன்றுதான். பிறகு இரண்டும் எப்படி உண்மையாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கார் வாங்குகிறவர் விலையையும் ரேஞ்சையும் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) பார்ப்பாரா, முதலாளியின் முகத்தைப் பார்ப்பாரா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: பாதிப்பு உண்டா, எவ்வளவு, யாரிடம். முதலாவதற்கு உண்டு என்று தயங்காமல் சொல்லலாம். மூன்றாவதற்கும் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. செய்திகளில் அதிகம் அடிபடும் இரண்டாவதுதான் கையில் பிடிபடாமல் நழுவுவது. அதற்கு ஒற்றை எண்ணைச் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

முதலில், கார் எப்படி வாங்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சந்தையில் நாற்பது மின்சாரக் கார்கள் இருந்தாலும் ஒருவர் உண்மையில் ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு மூன்றைத்தான், மிஞ்சினால் நாலு. அந்தச் சிறு பட்டியல் ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையிலும் அலுவலக டீக்கடையிலும் முடிவாகிவிடுகிறது. தலைவரின் பெயர் வேலை செய்யும் இடம் அதுதான். பட்டியலில் ஏறிய பிறகு அவர் பேச்சு எடுபடாது. மாதத் தவணை, குளிர்காலத்தில் ஓடும் தூரம், பின்சீட்டில் குழந்தை இருக்கை பொருந்துமா, இவைதான் பேசும். பெயரையே பட்டியலில் சேர்க்காதவர் ஷோரூம் பக்கம் வருவதே இல்லை. எனவே விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டால், "அரசியலைச் சொல்லி யாரும் போகவில்லையே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இழந்த வாடிக்கையாளர் அவர் கண்ணிலேயே படவில்லை.

மற்ற கம்பெனிகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஹூண்டாயின் தலைவர் யார் என்று ஹூண்டாய் வைத்திருப்பவரைக் கேட்டாலே பலருக்குத் தெரியாது. டெஸ்லாவோ நெடுங்காலம் விளம்பரத்துக்கென்று பெரிதாகச் செலவு செய்யாத கம்பெனி. மஸ்க்கின் வாய்தான் அதன் விளம்பரப் பிரிவு. 2016 மார்ச் 31-இல் மாடல் 3-ஐ மேடையில் காட்டியதும், ஓட்டிப் பார்க்காத காருக்கு, ஒரே வாரத்தில் மூன்றே கால் லட்சம் பேர் ஆளுக்கு 1,000 டாலர் முன்பணம் கட்டினார்கள். அந்த முகம் கொண்டுவந்த வாடிக்கையாளர்கள் அவர்கள். வந்தவர்கள் யார் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 2012 முதல் 2022 வரை பதிவான மின்சாரக் கார்களில் ஏறக்குறைய பாதி, ஜனநாயகக் கட்சிக்கு அதிகம் வாக்களிக்கும் பத்து சதவீத மாவட்டங்களில்தான் போய்ச் சேர்ந்தது. அதாவது, சுற்றுச்சூழல் அக்கறையும் இடதுசாரிச் சாய்வும் உள்ளவர்களே அடிப்படை வாடிக்கையாளர்கள். 2022 அக்டோபரில் ட்விட்டரை வாங்கியது, 2024 ஜூலையில் டிரம்ப்பை ஆதரித்தது, 2024 டிசம்பரில் ஜெர்மனியின் தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சியால்தான் நாட்டைக் காப்பாற்ற முடியும் என்று எழுதியது, 2025 ஜனவரி முதல் மே வரை வாஷிங்டனில் அரசு ஊழியர் குறைப்பை முன்னின்று நடத்தியது என்று மஸ்க் எடுத்துவைத்த ஒவ்வொரு அடியும் தன் கடைக்கு வழக்கமாக வருகிறவர்களின் காலையே மிதித்தது. பெட்ரோல் பிக்கப் வண்டி விற்கும் ஒருவர் இதையே பேசியிருந்தால் விற்பனையில் சலனமே இருந்திருக்காது.

இனி ஜெர்மனிக்கு வருவோம். அங்கே புதிதாகப் பதிவான டெஸ்லா கார்கள் 2023-இல் 63,685, 2024-இல் 37,574, 2025-இல் 19,390. இந்தச் சரிவு முழுவதையும் ஒரே கணக்கில் எழுதுவதுதான் பொதுவான தவறு. முதல் சரிவுக்கு வேறு காரணம் இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பால் பட்ஜெட்டில் ஓட்டை விழ, டிசம்பர் நடுவில் மின்சாரக் கார் மானியத்தை அரசு ஓரிரு நாள் அவகாசத்தில் நிறுத்தியது. அதனால் 2024-இல் நாட்டின் மொத்த மின்சாரக் கார் பதிவே 5.24 லட்சத்திலிருந்து 3.81 லட்சமாகக் குறைந்தது. சந்தையே விழும்போது டெஸ்லாவும் விழுந்தது, கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. அதன் அதிகம் விற்கும் காரான மாடல் ஒய் பழசாகிக்கொண்டிருந்தது. 2025 கதையோ தலைகீழ். மொத்த மின்சாரக் கார் பதிவு 43 சதவீதம் உயர்ந்து 5.45 லட்சத்தைத் தொட்டது, டெஸ்லா மட்டும் மீண்டும் பாதியானது. ஊரெல்லாம் மழை பெய்யும்போது ஒரு வயல் மட்டும் காய்ந்தால், அந்த வயலில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

அந்த ஏதோவை முழுவதும் மஸ்க் என்று எழுதவும் முடியாது. 2025 ஜனவரியில் பதிவு 1,277, முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 60 சதவீதம் குறைவு. பிப்ரவரியில் 76 சதவீதம். தேர்தல் நேரம், ஏஎஃப்டி தலைவருடன் மஸ்க் நேரலையில் பேசியதும் அந்த ஜனவரியில்தான், தலைப்புச் செய்திக்கு அருமையான பொருத்தம். ஆனால் பதிவு எண் என்பது கார் கைக்கு வந்த நாளின் கணக்கு, முடிவெடுத்த நாளின் கணக்கல்ல. ஜனவரியில் பதிவான கார் பெரும்பாலும் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன் ஆர்டர் செய்யப்பட்டது. டிசம்பர் இருபதாம் தேதி மஸ்க் ஏஎஃப்டியைப் பற்றி எழுதிய ஒரு வரி ஜனவரி எண்ணை 60 சதவீதம் இழுத்துவிடாது. இன்னொன்று, அதே ஜனவரியில் புது மாடல் ஒய் அறிவிக்கப்பட்டது, ஐரோப்பாவில் மார்ச்சில்தான் கைக்கு வரத் தொடங்கியது. அதிகம் விற்கும் கார் இரண்டு மாதத்தில் புதுசாகப்போகிறது என்றால் பழசை யார் வாங்குவார்? அந்தக் காலாண்டில் மாடல் ஒய் தயாரிக்கும் நான்கு தொழிற்சாலைகளிலும் உற்பத்தி வரிசைகள் மாற்றத்துக்காகச் சில வாரங்கள் நின்றன. ஆக, எல்லோரும் எடுத்துக்காட்டும் அந்த இரு மாத எண்கள்தான் மஸ்க் பாதிப்புக்கு ஆகப் பலவீனமான சாட்சி. வலுவான சாட்சி, புது மாடல் தாராளமாகக் கிடைத்த பிறகும், ஆண்டின் பிற்பாதியிலும், ஜெர்மன் எண்கள் எழுந்து நிற்கவில்லை என்பது.

கையில் இருக்கும் எண்களை வைத்து ஒரு மேல்வரம்பு போட்டுப் பார்க்கலாம். மின்சாரக் கார் சந்தையில் டெஸ்லாவின் பங்கு 2023-இல் சுமார் 12.1 சதவீதம், 2024-இல் 9.9, 2025-இல் 3.6. 2024-இன் பங்கு அப்படியே நீடித்திருந்தால் 2025-இல் ஏறத்தாழ 53,800 கார்கள் விற்றிருக்கும். உண்மையில் விற்றதைக் கழித்தால் இடைவெளி 34,000-க்கு மேல். ஆனால் பங்கு ஏற்கெனவே ஆண்டுக்கு இரண்டு புள்ளிக்கு மேல் தேய்ந்துகொண்டிருந்தது. போட்டிக் கார்கள் அதிகமானதன் விளைவு அது. அதே தேய்மானம் தொடர்ந்திருந்தாலும் 7.6 சதவீதம், அதாவது சுமார் 41,000 கார்கள். இடைவெளி 22,000 ஆகச் சுருங்குகிறது. ஆண்டின் முதல் காலாண்டில் மாடல் மாற்றத்தால் தள்ளிப்போன சில ஆயிரங்களையும், 2025-இல் போட்டி முந்தைய ஆண்டைவிடக் கடுமையானதையும் கழிக்க வேண்டும். ஸ்கோடா எல்ராக் போன்ற புதுக் கார்கள் வந்தன, ஃபோக்ஸ்வாகனின் ஐடி.7 கம்பெனிக் கார்களிடையே பரவியது. இத்தனையும் கழித்த பிறகு மீதமிருப்பதுதான் தலைவரின் பிம்பத்துக்கு எழுதக்கூடிய பங்கு. என் மதிப்பீட்டில் அது பத்தாயிரத்துக்குக் கீழே போவது கடினம், இருபதாயிரத்துக்கு மேலே போவதும் கடினம். இந்த வரம்பின் அகலம்தான் இதன் நேர்மை. ஏனென்றால் "பிம்பம்" என்ற பெட்டிக்குள் விளக்கப்படாத மிச்சம் எல்லாமே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியென்றால் நார்வே? 2025-இல் அங்கே டெஸ்லா 34,000-க்கு மேல் விற்றது, மொத்தப் புதுக் கார்களில் ஐந்தில் ஒன்று என்று சொல்லலாம். நார்வேக்காரர்களுக்கு மஸ்க் மீது தனிப் பிரியம் என்று இதற்குப் பொருளல்ல. ஆண்டின் தொடக்கத்தில் அங்கும் விற்பனை சரிந்தது. பிறகு புது மாடல் ஒய் வந்தது, வட்டியில்லாக் கடன் வந்தது. 2026 ஜனவரி முதல் மின்சாரக் கார்களுக்கான மதிப்புக்கூட்டு வரி விலக்கின் வரம்பு 5 லட்சம் குரோனரிலிருந்து 3 லட்சமாகக் குறையப்போகிறது என்பதால் ஆண்டு இறுதியில் ஒரு முண்டியடிப்பும் சேர்ந்துகொண்டது. வேறொரு விஷயமும் உண்டு. நார்வேயில் புதுக் காரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மின்சாரம்தான். அங்கே டெஸ்லா என்பது எந்தக் கொள்கைப் பிரகடனமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பனிச்சறுக்குக்குப் போகும் வண்டி, அவ்வளவுதான். ஜெர்மனியில் அந்தக் காரை ஓட்டுவது, ஓட்டுகிறவர் யார் பக்கம் என்று ஊருக்குச் சொல்லும் செய்தி. அந்தச் செய்தியின் பொருள் இரண்டு ஆண்டுகளில் மாறிவிட்டது. எனவே உங்கள் புதிருக்கு என் விடை இது: ஒரே விலையில் மாற்றுக் கார் கிடைக்கும் இடத்தில் முகம் பேசும்; நல்ல விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் பணம் பேசும். வெறுப்புக்கும் ஒரு விலை உண்டு, அது முடிவில்லாததல்ல. அமெரிக்காவிலும் இதைப் பார்க்கலாம். 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிகிறது என்றதும், மூன்றாம் காலாண்டில் உலக அளவில் டெஸ்லா 4,97,099 கார்களைக் கொடுத்துச் சாதனை படைத்தது. போராட்டப் பதாகைகள் ஷோரூம் வாசலில் நின்ற அதே ஆண்டில். சலுகை போனதும் அடுத்த காலாண்டில் 4,18,227.

அமெரிக்காவில் இதைச் சரியாக அளக்க முயன்றவர்கள் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2025 இலையுதிர்காலத்தில் வந்த அவர்களின் வரைவுக் கட்டுரை, மாவட்டவாரியாக மாதாந்திரப் பதிவுகளை எடுத்து, மஸ்க் வெளிப்படையாகக் கட்சி சார்ந்த பிறகு ஜனநாயகக் கட்சி மாவட்டங்களும் குடியரசுக் கட்சி மாவட்டங்களும் எப்படிப் பிரிந்து போயின என்று பார்த்தது. 2022 அக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை அந்தப் பாதிப்பு இல்லாதிருந்தால் டெஸ்லாவின் அமெரிக்க விற்பனை 67 முதல் 83 சதவீதம் அதிகமாக, அதாவது 10 லட்சம் முதல் 12.6 லட்சம் கார்கள் கூடுதலாக இருந்திருக்கும் என்பது முடிவு. மற்ற கம்பெனிகளின் மின்சார, ஹைபிரிட் கார்கள் 17 முதல் 22 சதவீதம் கூடுதலாக விற்றதாகவும் கணக்கிட்டார்கள். மாவட்டத்தை மாவட்டத்தோடு ஒப்பிடுவதால் நாடு முழுக்கப் பொதுவான காரணங்கள், உதாரணமாக வட்டி உயர்வு, தானாகவே விலகிவிடும். இது முறையின் பலம். பலவீனம், ஹூண்டாய் ஐயானிக் 5 போன்ற போட்டிக் கார்கள் சூடு பிடித்ததும் அதே மின்சாரக் கார் அடர்ந்த மாவட்டங்களில்தான். இரண்டையும் பிரிப்பது எளிதல்ல. இந்தக் கட்டுரை காட்டும் திசையை நான் முழுமையாக நம்புகிறேன். அளவைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். இரண்டாவதாக ஒரு தனிச் சாட்சியும் இருக்கிறது. எஸ் அண்ட் பி என்ற சந்தைத் தரவு நிறுவனம் கார் பதிவுத் தரவிலிருந்து கணக்கிட்ட வாடிக்கையாளர் விசுவாசம், அதாவது டெஸ்லா வைத்திருக்கும் வீடு அடுத்த காரையும் டெஸ்லாவாக வாங்கும் விகிதம், 2024 ஜூனில் 73 சதவீதமாக உச்சத்தில் இருந்து 2025 மார்ச்சில் 49.9-க்கு இறங்கி, மே மாதம் 57.4-க்கு ஏறியது. டிரம்ப் ஆதரவு அறிவிப்புக்கு முந்தைய மாதம் உச்சம் என்பதைக் கவனியுங்கள். கம்பெனியே 2025 முதல் காலாண்டு அறிக்கையில், மாறிவரும் அரசியல் மனநிலை குறுகிய காலத்தில் தேவையைப் பாதிக்கலாம் என்று எழுதியது. வழக்கறிஞர்கள் சலித்துப் பார்த்த பிறகும் அந்த வரி அங்கே நின்றது.

"இங்கே போனவர்களுக்குப் பதில் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்திருப்பார்களே" என்ற எதிர்வாதம் அடிக்கடி வருகிறது. 2025 மார்ச் 11-இல் டிரம்ப் வெள்ளை மாளிகை வாசலில் டெஸ்லாக்களை நிறுத்திக் காட்டினார், இதைவிடப் பெரிய விளம்பரம் எந்தக் காருக்கும் கிடைக்காது. ஆனாலும் ஈடு ஆகவில்லை. ஒரு காரை விட்டுவிட ஒரு காரணம் போதும். வாங்குவதற்குப் பத்து விஷயம் ஒத்துவர வேண்டும். புதிதாக மஸ்க்கை விரும்பத் தொடங்கியவரின் வீட்டில் சார்ஜர் போட மின்இணைப்பு வேண்டும், தினமும் ஓடும் தூரம் பொருந்த வேண்டும், படகு இழுக்கும் பிக்கப்பை விட்டுக்கொடுக்க மனம் வேண்டும். பிரியம் இதையெல்லாம் ஒரே ஆண்டில் மாற்றாது. இழப்பு அடுத்த வாங்குதலிலேயே தெரிந்துவிடும், வரவு வர ஒரு கார் தலைமுறை ஆகும்.

விட்டுவிடுகிறவர்களையும் ஒரே கூட்டமாகப் பார்க்கக்கூடாது. கோபத்தில் விடுகிறவர் ஒரு வகை. இவர்கள் உரக்கப் பேசுவார்கள், எண்ணிக்கையில் நினைப்பதைவிடக் குறைவு. வெட்கத்தில் விடுகிறவர் இரண்டாம் வகை. அவருக்கு மஸ்க்கைப் பற்றித் தனிக் கருத்து இருக்காது, அலுவலக வாசலில் நிறுத்தும்போது நாலு பேர் கேட்பார்களே என்பதுதான் கவலை. "இவர் இப்படி ஆவதற்கு முன்பே வாங்கிவிட்டேன்" என்ற ஸ்டிக்கர் பின்கண்ணாடியில் ஏறியது இவர்களால்தான். மூன்றாவது பயம். 2025 வசந்தத்தில் டெஸ்லாக்கள் கீறப்பட்டதும், லாஸ் வேகஸில் பழுதுபார்ப்பு மையத்தில் கார்கள் எரிக்கப்பட்டதும் செய்தியானபோது, காப்பீடும் பெயிண்ட்டும் நினைவுக்கு வந்தவர்கள் இவர்கள். கம்பெனிக் கார் வாங்கும் மேலாளர் நான்காவது வகை, ஜெர்மனியில் இவர்தான் பெரிய ஆள், ஏனென்றால் அங்கே புதுப் பதிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களின் பெயரில். ரோஸ்மன் என்ற அழகுப்பொருள் கடைச் சங்கிலி 2024 ஆகஸ்ட்டிலேயே, மஸ்க் டிரம்ப்பை ஆதரிப்பதைக் காரணம் காட்டி, இனி டெஸ்லா வாங்குவதில்லை என்று அறிவித்தது. அவர்கள் வைத்திருந்த டெஸ்லாக்கள் சில பத்துகள்தான். எண்ணிக்கை சிறிது, ஆனால் அடுத்த நிறுவனத்தின் மேலாளருக்கு அது ஒரு முன்னுதாரணம். தன் பணத்தில் வாங்காதவருக்குத் தவிர்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

பிம்பம் பணமாக மாறும் இடம் லீஸ் (நீண்ட கால வாடகை) தவணை, இதைப் பேசுகிறவர்கள் குறைவு. 50,000 யூரோ காரை 36 மாதம் லீஸுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். முடிவில் பாதி விலைக்கு விற்கலாம் என்று நிதி நிறுவனம் நம்பினால் தேய்மானம் 25,000, மாதம் 694 யூரோ. மறுவிற்பனை மதிப்பை 42 சதவீதமாகக் குறைத்து மதிப்பிட்டால் தேய்மானம் 29,000, மாதம் 806. வட்டியைச் சேர்க்காமலேயே மாதம் 110 யூரோ கூடுகிறது. மஸ்க் யார் என்றே கவலைப்படாதவரும் இந்தத் தொகையைக் கட்டுவார், அல்லது அதே தவணையில் வேறு கார் பார்ப்பார். அதற்காக, பழைய டெஸ்லாக்களின் விலை வீழ்ச்சி முழுவதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவில் புது மாடல் ஒய்யின் விலையை டெஸ்லாவே 65,990 டாலரிலிருந்து 52,990-க்கு ஒரே வெட்டாக வெட்டியது. புதுசின் விலை அத்தனை குறைந்தால் பழசு எப்படி நிற்கும்? 2024 தொடக்கத்தில் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் பெரும்பாலும் டெஸ்லாக்களான 20,000 மின்சாரக் கார்களைச் சந்தையில் கொட்டியது, பிறகு அந்த எண்ணை 30,000 ஆக உயர்த்தியது. பழைய கார் விலை வழுக்கத் தொடங்கியது மஸ்க்கின் அரசியல் உச்சத்துக்கு முன்பே.

நீங்கள் இதைக் கருத்துக்கணிப்பு நடத்தி ஆராய நினைத்தால், நேரடியாகக் கேட்டுவிடாதீர்கள். "தலைவரின் நடத்தை உங்கள் முடிவைப் பாதிக்குமா" என்றால் ஆமாம் என்பது மதிப்பான பதில், எல்லோரும் அதைத்தான் டிக் செய்வார்கள், அவர்களில் பாதிப் பேர் எந்தக் காரும் வாங்கப்போவதில்லை. ஜெர்மனியின் டி-ஆன்லைன் செய்தித் தளம் 2025 மார்ச்சில் டெஸ்லா வாங்குவீர்களா என்று வாசகர்களைக் கேட்டது. ஒரு லட்சம் பேரில் 94 சதவீதம் மாட்டோம் என்றார்கள். சில நாளில் முடிவு தலைகீழாகி 70 சதவீதம் வாங்குவோம் என்று ஆனது. தோண்டிப் பார்த்தால் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அமெரிக்காவிலிருந்த இரண்டே ஐ.பி. (இணைய இணைப்பு) முகவரிகளிலிருந்து வந்திருந்தன. சிரிக்காதீர்கள், அதற்கு முந்தைய 94 சதவீதமும் சந்தையின் அளவல்ல, கோபத்தின் அளவு. செய்ய வேண்டிய முறை வேறு. அடுத்த 12 மாதத்தில் கார் வாங்கப்போகிறவர்களை மட்டும் வடிகட்டி எடுங்கள். அவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு 300 பேருக்குக் குறையாமல். ஒரு குழுவுக்குப் பேட்டரி பற்றிய சாதாரணச் செய்தி ஒன்று, மற்றதற்குத் தலைவரைப் பற்றிய செய்தி ஒன்று, மூன்று நான்கு பொதுவான செய்திகளுக்கு நடுவே செருகி. பிறகு இரு குழுவுக்கும் பத்துப் பன்னிரண்டு திரைகள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கார்கள், பிராண்டு, விலை, ரேஞ்சு, சார்ஜ் நேரம் மாறி மாறி. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், "எதுவும் வேண்டாம்" என்பதும் ஒரு தேர்வாக இருக்கட்டும். கிடைத்த பதில்களிலிருந்து பிராண்டின் கெழுவை (தேர்வை அது எவ்வளவு மாற்றுகிறது என்ற எண்) விலையின் கெழுவால் வகுத்தால் அந்தப் பெயருக்கு ஒருவர் எத்தனை யூரோ கூடக் கொடுப்பார் அல்லது எத்தனை யூரோ தள்ளுபடி கேட்பார் என்பது வரும். இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் முகத்தின் விலை. இதில் வழக்கமாகக் கெடுவது இரண்டு. தேர்வுத் திரையிலேயே தலைவரின் பெயரைப் போட்டுவிட்டால் நோக்கம் புரிந்து பதில் கோணும். இன்னொன்று, செய்தி படித்த சூடு பத்து நிமிடம்தான். மூன்று வாரம் கழித்து அதே ஆட்களை மறுபடி கேட்டால் வித்தியாசம் பெரிதும் ஆறியிருக்கும், அந்த ஆறிய எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

மஸ்க் ஒருவரை வைத்து எல்லாத் தலைவர்களுக்கும் விதி எழுதவும் முடியாது. சீனாவில் ஷாவ்மியின் லெய் ஜுன் தன் முகத்தாலேயே எஸ்யூ7-ஐ விற்றவர், அரசியல் பேசாதவர். 2025 மார்ச் இறுதியில் அந்தக் கார் நெடுஞ்சாலையில் மோதி மூன்று பேர் இறந்தபோது, மக்கள் பொறியாளரைத் தேடவில்லை, அவரைத்தான் தேடினார்கள். கம்பெனி தொடங்கியதிலிருந்து மிகக் கடினமான காலம் என்று அவரே எழுதினார். ஆனாலும் ஜூனில் ஒய்யூ7 வந்தபோது முதல் ஒரு மணி நேரத்தில் 2,89,000 ஆர்டர்கள் விழுந்தன. அங்கே கேள்வி அவர் யார் பக்கம் என்பதில்லை, அவர் சொன்னபடி கார் இருக்கிறதா என்பது. நம் பக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து ஸ்கூட்டர் அனுப்பும் ஓலா எலக்ட்ரிக்கும் இந்த வகைதான். 2024 அக்டோபரில் அதன் தலைவர் பவிஷ் அகர்வால் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவுடன் எக்ஸ் தளத்தில் மோதியது பெரிய செய்தி. அதே மாதம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் புகார்களை முன்வைத்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. சர்வீஸ் சென்டர் வாசலில் வண்டிகள் நின்றிராவிட்டால் அந்தச் சண்டை இரண்டு நாளில் மறந்திருக்கும். தலைவரின் பேச்சு அங்கே எரியும் நெருப்பில் ஊற்றிய எண்ணெய், தீக்குச்சி அல்ல.

இனி இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால், ஜெர்மன் மோட்டார் வாகனத் துறை மாதாமாதம் பிராண்டுவாரியாக வெளியிடும் பதிவு எண்ணை எடுத்து, பக்கத்தில் அதே மாதத்து மொத்த மின்சாரக் கார் எண்ணை எழுதி, பங்கை மட்டும் பாருங்கள். காலாண்டின் கடைசி மாதத்தில் டெஸ்லா கார்களை மொத்தமாகக் கொடுப்பது பழைய பழக்கம், ஆகவே ஒற்றை மாதத்தை விட்டு மூன்று மாதச் சராசரியை எடுங்கள். மாடல் 3-ஐயும் மாடல் ஒய்யையும் தனித்தனியாகப் போடுங்கள், மாடல் மாற்றத்தின் சத்தம் அதில் பிரிந்துவிடும். ஒருவேளை உங்கள் கேள்விக்குப் பின்னால் பழைய டெஸ்லா ஒன்றை வாங்கலாமா என்ற யோசனை இருந்தால், முகத்துக்காக மற்றவர்கள் கொடுக்காமல் விட்ட பணம் உங்களுக்குத் தள்ளுபடியாகக் கிடைக்கும். ஆறேழு வருடம் வைத்து ஓட்டுகிறவருக்கு அது லாபம், இரண்டு வருடத்தில் விற்கப்போகிறவருக்கு அதே தள்ளுபடி தன் தலையிலும் விழலாம்.